உக்கிராணக்காரனும் நீர்க்கட்டியும்

ஜூன் மாதம் பிறந்தால் சபைகளில் மரக்கன்றுகள் வந்து இறங்கிவிடுகின்றன. உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி வரும் ஞாயிறன்று ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களிலிருந்து பிரசங்கம் நடக்கிறது. கடவுள் இந்தப் பூமியை மனிதனிடம் ஒப்படைத்தார்; மனிதன் இதற்கு முதலாளி அல்ல, உக்கிராணக்காரன் மட்டுமே; கணக்குக் கொடுக்க வேண்டிய நாள் வரும் என்று ஆயர் சொல்கிறார். நல்ல பேச்சுதான். நமக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கரிசலில் நின்றுகொண்டு இதைக் கேட்கிற எவருக்கும் ஒரு சந்தேகம் வராமல் போகாது. எந்த மனிதனிடம் ஒப்படைத்தார்? பட்டா யார் பேர்ல இருக்கு?

இந்த உக்கிராணப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. 1967இல் லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கையை மனிதன் கீழ்ப்படுத்தி ஆளலாம் என்ற விவிலியப் பார்வைதான் மேற்கத்திய உலகின் சூழல் நாசத்துக்கு வேர் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. அதற்குப் பதில் தேடிய இறையியலாளர்கள் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து இரண்டாம் அதிகாரத்துக்கு நகர்ந்தார்கள். ஆளுகை என்ற சொல்லுக்குப் பதிலாகப் பராமரிப்பு என்ற சொல் வந்தது. 1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் நீதி, சமாதானம், படைப்பின் முழுமை என்ற மூன்றையும் ஒன்றாகக் கட்டியது. 1990இல் சியோலில் அதற்கென்றே மாநாடு கூட்டியது. 2015இல் போப் பிரான்சிஸ் 'லௌதாதோ சி' சுற்றுமடலில் பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வேறுவேறல்ல என்ற கருத்தை வைத்தார். தென்னிந்தியத் திருச்சபையும் பசுமைச் சபை என்ற திட்டங்களைக் கொண்டுவந்தது. இவ்வளவும் நடந்தது. ஆனால் இந்த ஆவணங்களில் வரும் 'ஏழை'க்குச் சாதி கிடையாது. 'மனிதன்' என்கிற சொல்லுக்குள்ளே ஊரும் சேரியும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதுபோல ஒரு தோற்றம். நம் நாட்டில் அப்படி உட்காருவதற்குத்தான் இடமில்லை.

ஆகவே நம் மண்ணிலிருந்து பார்ப்போம்.

குண்டாற்றுப் பக்கம் ஆண்டுக்கு மொத்தம் 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ரெண்டு மாசத் தண்ணியை வச்சு மிச்சப் பத்து மாசத்தை ஓட்டணும். இதற்காகத்தான் ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு வரத்து என்று சங்கிலி கோத்ததுபோல வெட்டி வைத்தார்கள். மன்னர்கள் வெட்டினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. மண்வெட்டி பிடித்தது யார் என்று அது சொல்லாது. சரி, வெட்டியதை விடுங்கள். வெட்டிய பிறகு காத்தது யார்?

நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பக்கத்துக்குப் பக்கம் பேர் மாறும். வேலை ஒன்றுதான். மழை இறங்கின ராத்திரி வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். கரையில் நண்டுவளை விழுந்தால் அடைக்க வேண்டும். கரை உடைகிற மாதிரி இருந்தால் ஊரை எழுப்ப வேண்டும். மடையைத் திறந்து யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். குமிழி மடை என்றால் தண்ணிக்குள் முங்கித்தான் அடைப்பைப் பிடுங்க வேண்டும். முங்கினவன் மேலே வராமல் போவதும் உண்டு. தண்ணீர் குறைகிற வருசம் எந்த வயலைக் காப்பது, எதைச் சாகவிடுவது என்ற கணக்கு அவன் தலைக்குள் இருக்க வேண்டும். இதற்குக் கூலி அறுவடைக் களத்தில் கிடைக்கிற கதிர்க்கட்டு. சில ஊர்களில் துண்டு மானிய நிலம்.

இந்த நீர்க்கட்டிகளில் மிகப் பெரும்பாலோர் பள்ளர், பறையர் சாதிகளைச் சேர்ந்தவர்கள். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களைக் களத்தில் தங்கி ஆராய்ந்த டேவிட் மாஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 2003இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். ஆனால் நமக்கு இது தெரியாத சேதியா? கிணற்றுப் பாசனத்தையும் பாருங்கள். கமலை இறைக்கிற சாலோடு பூட்டின தோலைத் தைத்தவர்கள் சக்கிலியர் என்று அழைக்கப்பட்ட அருந்ததியர். அந்தத் தோல் வழியாக வந்த தண்ணீரில் விளைந்த நெல்லுக்குத் தீட்டு இல்லை. தைத்தவர் அந்தக் கிணற்றில் கைவைத்துக் குடித்தால் தீட்டு! எவ்வளவு வசதியான சாஸ்திரம்.

உக்கிராணக்காரன் என்ற சொல்லை இப்போது திரும்பப் பாருங்கள். சுவிசேஷத்தில் வருகிற உக்கிராணக்காரன் எசமான் வீட்டுச் சரக்கைக் காக்கிற வேலையாள். பொறுப்பு அவனுடையது, பொருள் அவனுடையது அல்ல. இந்த வறண்ட சீமையில் தண்ணீருக்கு அச்சு அசலாக அப்படி உக்கிராணம் பார்த்தவர்கள் நம் முன்னோர்களே. 'இனிமேல் நீங்கள் பூமியின் உக்கிராணக்காரர்களாய் இருங்கள்' என்று தலித் கிறிஸ்தவனைப் பார்த்துச் சொல்வது, தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைப் பார்த்தவனிடம் போய் வேலைக்குச் சேரச் சொல்வதுபோல. அவன் கேட்பது பொறுப்பை அல்ல, பங்கை.

குடிமராமத்து என்ற சொல்லுக்கு இன்றைக்கு நல்ல மவுசு. அந்தக் காலத்துல ஊரே கூடிக் கண்மாயைத் தூர்வாரிச்சு என்று காந்தியவாதிகளிலிருந்து சூழலியலாளர்கள் வரை கண் கலங்கிப் பேசுகிறார்கள். 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டத்தை அவர்கள் எடுத்துப் படிக்கட்டும். அதன் பேரே சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடைந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கட்டாயமாகக் கூப்பிடலாம். வழக்கமாகச் செய்துவந்த பாசன வேலையைச் செய்யாவிட்டால் தண்டம். பட்டாக்காரன் தன் பங்குக்கு அனுப்பியது தன் பண்ணையாளை. 'ஊர் கூடி' என்பதில் இருக்கிற ஊரில் நாம் எப்போது இருந்தோம்? கூடுவதற்கு மட்டும் நாம் ஊர்; தண்ணி பாயும்போது நாம் சேரி.

கிறிஸ்தவம் இந்தச் சீமைக்குள் வந்ததும் இப்படிப்பட்ட நிலத்துக்குள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் திருச்சுழிக்கு அருகில் மண்டபசாலையில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிலையம் வைத்தது. பிற்பாடு அருப்புக்கோட்டையும் அதன் ஊழிய நிலையமானது. அந்த மிஷன் 1847இல் ஒரு காரியம் செய்தது. சாதியை விடமாட்டேன் என்ற உபதேசிகளை வேலையிலிருந்து நிறுத்தியது. யார் சமைத்தாலும் சேர்ந்து சாப்பிட முடியுமா என்பதுதான் சோதனை. பலர் சாப்பாட்டைவிடச் சாதியே மேல் என்று போய்விட்டார்கள். மிஷனரிமார் மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. இந்த ஒன்றை மறைக்கக் கூடாது. ஆனால் சோற்றுப் பானையைத் தொட்ட அந்தச் சோதனை நிலத்தைத் தொடவில்லை. பந்தியில் சமம் கேட்ட மிஷன் களத்தில் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜமீனோடு மோத வேண்டியிருந்திருக்கும்.

பிறகு தாது வருசம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்தது. பசிபிக் கடல் சூடேறிப் பருவமழை தவறிய எல் நினோ ஆண்டுகள் அவை என்று இன்றைக்கு விஞ்ஞானம் சொல்கிறது. மழை பொய்த்தது வானத்தின் வேலை; மனிதர் செத்தது வானத்தின் வேலை மட்டும் அல்ல. சென்னை மாகாணத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியிலும் நோயிலும் செத்த அதே காலத்தில் தானியம் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தது. அரசுக்குச் செலவு மிச்சம்பிடிக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள் துரை 1877இல் நிவாரண வேலைக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று தீர்த்தார். இதில் மனித உடல் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். மைக் டேவிஸ் 2001இல் எழுதிய நூலில், பருவநிலையும் ஏகாதிபத்தியச் சந்தையும் கைகோத்து நடத்திய படுகொலை இது என்று காட்டினார். நாம் இத்தோடு மூன்றாவது கை ஒன்றையும் சேர்க்க வேண்டும். களத்தில் கதிர்க்கட்டை நம்பி வாழ்ந்த நீர்க்கட்டிக்கும் பண்ணையாளுக்கும் விளைச்சல் இல்லாத வருசத்தில் கூலியே இல்லை. குதிரில் தானியம் வைத்திருந்தவனுக்குப் பஞ்சம் ஒரு மாதிரி வந்தது, குதிரைக் கட்டிக்கொடுத்தவனுக்கு இன்னொரு மாதிரி வந்தது.

அந்தப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் மட்டுமே பத்தாயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 'சோற்றுக் கிறிஸ்தவர்கள்' என்ற பட்டம் அப்போது ஒட்டியது. இன்றைக்கும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சோற்றுக்காகச் சாமி மாறினால் என்ன? சோறு போடாத சாமியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இன்னொரு கூட்டம் இராமேசுவரம் வழியாகக் கடல் தாண்டி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனது. கரிசலில் மழை இல்லாமல் ஓடியவர்களின் கையில் கோடரியைக் கொடுத்து மலைக்காட்டை அழிக்க வைத்தது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியம். காட்டை அழித்தவர்கள் என்று அவர்களை எந்தச் சூழலியல் நூலாவது எழுதினால் அதன் முதல் பக்கத்திலேயே தாது வருசத்தையும் எழுத வேண்டும்.

ஆதியாகமத்தைப் படிக்கிற நம் போதகர்கள் முதல் இரண்டு அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 47ஆம் அதிகாரம் வரை வாருங்கள். பஞ்ச காலத்தில் யோசேப்பு தானியத்தை வைத்துக்கொண்டு முதலில் சனங்களின் பணத்தை வாங்கினான்; பிறகு ஆடுமாடுகளை; பிறகு நிலத்தை; கடைசியில் சனங்களையே பார்வோனுக்கு அடிமையாக்கினான். ஆசாரியர்களின் நிலத்தை மட்டும் தொடவில்லை. ஞாயிறு பள்ளியில் யோசேப்பின் பல வர்ண அங்கியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், இந்தக் கொள்முதலைச் சொல்லிக் கொடுப்பதில்லை. வறட்சி எப்படி நிலத்தைக் கைமாற்றும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் எங்கே இருக்கிறது? கருப்புக் காலத்தில் அடகுக்குப் போன மானியத் துண்டுகள் திரும்பி வராத கதை எங்க பக்கம் ஒவ்வொரு ஊரிலும் கிடக்கிறது.

செங்கல்பட்டில் வேறு ஒன்று நடந்தது. ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் பறையர்களின் நிலமின்மை பற்றி எழுதினார்கள். கலெக்டர் ட்ரெமென்கீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசு தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்க ஆணை பிறந்தது. இதுவே பஞ்சமி நிலம். ஆனால் அது அரசு நேரடியாகத் தீர்வை வாங்கிய ரயத்துவாரிப் பூமிக்கான ஏற்பாடு. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் பெரும்பாலும் இராமநாதபுரம் ஜமீனுக்குள் கிடந்தன. 1803இல் நிரந்தரச் சாசனமாக்கப்பட்ட ஜமீன் அது. அங்கே தரிசும் ஜமீனுடையது, கண்மாயும் ஜமீனுடையது. ஆக, கவனித்துப் பாருங்கள், தண்ணீரைக் காத்த சனத்துக்குத் தரிசுகூட எட்டவில்லை. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது பட்டா போனது உழவடை வைத்திருந்தவனுக்கு. கண்மாய்கள் அரசின் கைக்குப் போயின. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும். நீர்க்கட்டி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அடுத்த இடி 1950இல். ஆகஸ்ட் 10ஆம் தேதி வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத் தீர்மானம். இதுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் கண்மாயில் இருக்கிறது. கண்மாய் மீன் குத்தகையும், உள்வாயில் வளர்ந்த மரங்களின் ஏலமும் ஊராட்சிக்குக் கணிசமான வருமானம். 1996இல் உள்ளாட்சி இடஒதுக்கீடு வந்தபோது விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் தலித் தலைவர் வரக்கூடாது என்று 2006 வரை பத்து வருசம் தேர்தலையே முடக்கினார்கள். மேலவளவில் 1997இல் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். நாற்காலிக்காக மட்டுமா இத்தனை வெறி? மீன் குத்தகையும் மர ஏலமும் கைமாறும் என்ற பயமும் அதில் உண்டு. இவ்வளவு ரத்தம் சிந்திக் கிடைத்த அந்தத் தனித்தொகுதியில் தலித் கிறிஸ்தவன் நிற்கவே முடியாது. அவன் சேரியில்தான் இருக்கிறான், அதே குடிநீர்க் குழாயில்தான் நிற்கிறான். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்ததைப்போல நாளை அவன் தொட்டியில் கலந்தாலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்குப் பொருந்தாது.

இந்த நிலையில்தான் பருவநிலை மாற்றம் நம் வாசலுக்கு வந்திருக்கிறது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, 2017 சனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். 2023 டிசம்பர் 17, 18இல் பக்கத்துத் தூத்துக்குடிச் சீமையில், காயல்பட்டினத்தில், ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஒரு வருசம் வானம் மூடிக்கொள்கிறது, ஒரு வருசம் உடைத்துக்கொண்டு ஊற்றுகிறது. ராத்திரியில் கரையைச் சுற்றிவந்த அந்த நீர்க்கட்டியின் அறிவு எப்போதையும்விட இப்போது தேவைப்படுகிறது. அரசோ 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டத்தில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் வைத்தது; அதில் உறுப்பினர் ஆக ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். 2017இல் குடிமராமத்தை மறுபடி தூசிதட்டி எடுத்தபோதும் வேலையை வாங்கியது ஆயக்கட்டுதாரர் சங்கங்களே. மடையைத் திறந்தவனுக்கு நாற்காலி இல்லை.

சீமைக்கருவேலக் கதையும் இப்படித்தான். விறகுப் பஞ்சத்துக்கு மருந்து என்று கொண்டுவந்து பரப்பிய மரம் இன்று கண்மாய் உள்வாயெல்லாம் அடைத்துக்கொண்டது. வரத்துக்காலை மறிக்கிறது, வேறு செடியை வளரவிடாது, உண்மைதான். 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை எல்லாவற்றையும் வெட்டியெறிய உத்தரவிட்டது. அதே ஆண்டு உத்தரவுக்குத் தடையும் வந்தது. அந்த மாதங்களில் சபை வாலிபர் சங்கங்கள்கூட அரிவாளோடு புகைப்படம் எடுத்துக்கொண்டன. ஆனால் மழையில்லாத வருசங்களில் நரிக்குடி, கமுதிப் பக்கம் அடுப்பெரிந்தது இந்த மரத்தால். முள் குத்தின கையோடு விறகு வெட்டி, மூட்டம் போட்டு, கரியள்ளி மூட்டை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். மரம் வேண்டாம் என்றால் சரி. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்று எந்த வாலிபர் சங்கமும் கேட்கவில்லை. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறந்தார்கள். ஏறத்தாழ 2,500 ஏக்கர். புகையில்லாத மின்சாரம் உலகத்துக்கு நல்லது. ஆடு மேய்த்த, கூலிக்குக் களையெடுத்த அந்த மானாவாரி நிலத்துக்குப் 'பயனற்ற தரிசு' என்று பேர் வைத்தது யார்? ஜமீன் காலத்தில் நமக்கு எட்டாமல் போன அதே தரிசு, வெப்பமாதலுக்கு மருந்து என்ற பேரில் இப்போது கம்பெனிக்கு எட்டுகிறது. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் நினைவுக்கு வருகிறதா? ஆகாப் ராசாவும் அதைக் கீரைத்தோட்டம் போடத்தான் கேட்டான். பசுமைத் திட்டம்தான்.

அப்படியானால் திருச்சபை என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற தோழர்களுக்கு: 1981இல் அர்விந்த் நிர்மல் பெங்களூரில் பேசத் தொடங்கிய தலித் இறையியலும், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பறையையும் நாட்டார் பாட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்து, ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதை இறையியலாக்கிய 'பரட்டை' தியாபிலஸ் அப்பாவுவும் பாதை போட்டிருக்கிறார்கள். அந்த உலையில் அரிசி எங்கிருந்து வருகிறது, அதற்கு எந்த மடைத்தண்ணி பாய்ந்தது என்பது அடுத்த கேள்வி. மண்ணைக் காப்போம் என்று சொல்கிற சபைகள் பல ஊர்களில் அந்த மண்ணுக்குள்ளேயே கல்லறைச் சுவர் கட்டி, செத்தவர்களையும் ஊர், சேரி என்று பிரித்துப் புதைத்திருக்கின்றன. விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டிய மோதலில் 2008 மார்ச்சில் இரண்டு உயிர் போனது. முதலில் அந்தச் சுவரை இடிக்கட்டும். மறைமாவட்டங்களும் பேராயங்களும் தங்கள் பேரில் இருக்கிற புஞ்சை எத்தனை ஏக்கர், அதை உழுகிறவர் யார், குத்தகை எவ்வளவு என்ற கணக்கைச் சபையார் முன் வைக்கட்டும். யூபிலி ஆண்டு என்று கொண்டாடுகிறவர்கள் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியது என்பதையும் பலிபீடத்திலிருந்து வாசிக்கட்டும். நீர்ப் பயன்பாட்டுச் சங்கங்களில் நிலமற்றவர்க்கும், கரிமூட்டப் பெண்களுக்கும், மடை வேலை பார்த்த குடும்பங்களுக்கும் உறுப்பினர் உரிமை கேட்டுச் சட்டத்திருத்தத்துக்கு மனுப்போட ஒரு பேராயருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 1950ஆம் ஆண்டு ஆணைக்கு எதிராக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஜூன் மாதக் கன்றும் ஆகஸ்ட் மாதக் கறுப்புக் கொடியும் ஒரே போராட்டத்தின் இரண்டு நாட்கள் என்று இன்னும் எந்தப் பீடமும் சேர்த்துச் சொல்லக் கேட்டதில்லை.

திருச்சுழி வட்டத்தில் நீர்க்கட்டி வேலை பார்த்த கடைசித் தலைமுறைக் கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தக் கண்மாய்க்கு எங்கிருந்து வரத்து, எந்த மடை எந்த வருசம் உடைந்தது, கருப்புக் காலத்தில் முறை எப்படி வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருக்கிறது. மாணவத் தோழர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போக வேண்டும். இந்த ஐப்பசிக்கு முன்னால் போனால் நல்லது. மழை இறங்கிவிட்டால் அவர்களில் சிலரை வீட்டில் பிடிக்க முடியாது, கரைக்குப் போய்விடுவார்கள்.